பக்கத்து அறையில் ஐந்து சொற்கள்

மூன்று கூடைகளையும் அவரவர் இடத்தில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தவமணிக்கு யோசனை வர ஆரம்பித்தது. வைக்கும்போது வரவில்லை. சிவப்பும் வெள்ளையும் கலந்து பின்னியது மேடத்தின் மேசையில், பச்சை பிச்சைமுத்து அண்ணன் துண்டு தொங்கவிடும் ஆணியில், மயில்கழுத்து நீலம் ஃபிலோமினா அக்காவின் நாற்காலியில். நாற்காலியில் வைத்திருக்கக் கூடாதோ. மேசையில் வைத்திருந்தால் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துவிடலாம், நாற்காலியில் இருப்பதை எடுக்காமல் உட்கார முடியாது, வற்புறுத்துகிற மாதிரி ஆகிவிடும். எழுந்துபோய் மாற்றி வைத்துவிடலாமா என்று பாதி எழுந்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. உட்கார்ந்துகொண்டாள். யாரோ மண்பரிசோதனைக்காரர்கள், அடுத்த கட்டடத்துக்குப் போகிறவர்கள். நாளைக்கு ஆயுத பூஜை விடுமுறை, அதனால் இன்று பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தில் பூஜை, பூஜை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு படி பொரி, கடலை, ஒரு சின்ன வெல்லக்கட்டி. வருஷா வருஷம் அதைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, பஸ்ஸில் ஏறுவதற்குள் பாதி சிந்திவிடும். பொரி கொண்டுபோகத்தான் கூடை. இதை அவள் நான்கு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். பொரிக்காகப் பின்னினேன், சும்மா வீட்ல இருந்தேன்ல, அதான். சும்மா வீட்டில் இருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு மாசம் மருத்துவ விடுப்பு, அதில் ஏழு வாரம் மனநல ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. விடுப்புக் கடிதத்தில் உடல்நலக் குறைவு என்றுதான் மேடம் எழுத வைத்தார். ஆனால் அன்றைக்கு நடந்ததை மூன்று பேரும் கண்ணால் பார்த்தவர்கள். எந்தக் காகிதத்தில் என்ன எழுதி என்ன.

உளுந்து, ஏழாம் நாள் எண்ணிக்கை. முளைப்பு அறையிலிருந்து ஈரக் காகிதச் சுருள்களை எடுத்து வந்து மேசையில் அடுக்கியிருந்தாள். ஒரு சுருளுக்கு நூறு விதை, ஒரு சாம்பிளுக்கு நாலு சுருள். பிரித்தால் வேரும் தண்டுமாக வெள்ளை வெள்ளையாகப் படுத்திருக்கும். நேராக வந்தது இயல்பான நாற்று. வேர் சூம்பியது, தலை சுருண்டது, இரண்டாகப் பிளந்தது எல்லாம் இயல்பற்ற நாற்று. ஊறவே ஊறாமல் கல் மாதிரி கிடப்பது கடின விதை. விரலால் அமுக்கினால் கூழாகிறது செத்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த விதைப் பரிசோதனை நிலையத்தில் இதைத்தான் செய்கிறாள், இடுக்கியால் ஒவ்வொன்றாக நகர்த்தி, வாய்க்குள் எண்ணி, சீட்டில் எழுதி. ஒருவர் எண்ணியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். அந்த இன்னொருவர் எப்போதும் ஃபிலோமினா அக்காதான். எதிரும் புதிருமாக ஒரே மேசையில் உட்கார்ந்து, நாற்றுக்கு நடுவே பிள்ளைகளின் மார்க், மாமியாரின் சர்க்கரை, எந்தக் கடையில் எந்தப் புடவை என்று பேசிக்கொண்டே, எண்ணிக்கை மட்டும் தப்பாமல். இப்போது அப்படி இல்லை. திங்கட்கிழமை வேலையில் திரும்பச் சேர்ந்ததிலிருந்து இவள் எண்ணி முடித்துக் கை கழுவப் போகிற நேரம் பார்த்து அக்கா வந்து சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இவள் திரும்பி வந்தால் சீட்டில் மை காய்ந்திருக்கும். பேச்சு இல்லாமல் இல்லை. நெல் இன்னிக்கு வேண்டாங்க, திங்கக்கிழமைதான் பதினாலாம் நாள். அந்த ட்ரேயை இந்தப் பக்கம் தள்ளி வைங்க. வாங்க, வைங்க, பாருங்க. முன்னே வாடி போடி என்றவர். தவம் என்றுதான் கூப்பிடுவார். மரியாதை ஒரு கதவு மாதிரி, மூடினால் சத்தம் கூட வருவதில்லை. முப்பத்திமூன்று, முப்பத்திநாலு. இல்லை, முப்பத்திநாலை ஏற்கெனவே நகர்த்தியாயிற்று. முதலிலிருந்து எண்ணு.

அந்த நாளை நினைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. நினைத்தால் முழுசாக நினைங்க, பாதியில விட்டா அதுதான் பின்னாடியே வரும் என்றுதான் சொன்னார். முழுசாக என்றால், வைகாசி மாதம், மின்விசிறி நின்றுபோயிருந்த மத்தியானம். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தாள், சந்தேகம் என்றுகூட இல்லை, காலையில் சூரியன் கிழக்கே வருகிறது என்பது மாதிரித் தெரிந்திருந்தது. அக்கா சாம்பிள் எண்களை மாற்றி வைக்கிறார். மேடத்திடம் போட்டுக் கொடுக்கிறார். பக்கத்து அறையில் நின்று பேசுகிறார், சுவர் வழியாக அவள் பெயர் வருகிறது, தவமணி தவமணி என்று, சில நாள் சிரிப்போடு. என்னைப் பத்திப் பேசினீங்களா என்று கேட்டால் இல்லை என்கிறார். தண்ணீர் பாட்டிலில் எதையோ கலக்கிறார், குடித்தால் நாக்கு மரத்துப்போகிறது. அன்றைக்கு அவள் எழுந்து நின்று, நீங்க கலந்ததை நீங்களே குடிங்க என்று பாட்டிலைத் திறந்து அக்காவின் முகத்தில் ஊற்றிவிட்டாள். முகம், புடவை, மேசையில் பிரித்து வைத்திருந்த மக்காச்சோளம் எல்லாம் நனைந்தது. அக்கா கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்க, இவளையே பார்த்துக்கொண்டு, என்ன தவம், என்னம்மா ஆச்சு என்றார். அதைச் சொன்ன குரல் பொய் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது, எவ்வளவு நல்லா நடிக்கிறா பார். பிறகு ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்தக் குரல் திடீரென்று சாதாரணக் குரலாகக் காதில் விழுந்தது. என்னம்மா ஆச்சு. அதில் ஒன்றுமே இல்லை, கேள்வியைத் தவிர. தட்டை அப்படியே போட்டுவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். நர்ஸ் வந்து, ஊசி வேணுமா என்றாள். வேண்டாம், இது நல்ல அழுகை என்று சொன்னது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

கூடை அதற்கப்புறம்தான். வார்டுக்குப் பின்னால் ஒரு நீளமான அறை, அங்கே சில பேர் மெழுகுவர்த்தி ஊற்றுவார்கள், சில பேர் காகிதப் பூ செய்வார்கள், மூலையில் வயர் கட்டுகள் கலர் கலராக மாட்டியிருக்கும். அவளுக்கு முதலில் எதிலும் கை போகவில்லை. விரல் மாத்திரையில் கட்டைபோல இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு மணப்பாறைப் பெண், பெயர் ரெஜினா, சின்னப் பெண்தான், நாலு வயரை எடுத்து இவள் மடியில் போட்டு, மடக்குங்க, நுழைங்க, இழுங்க, வேற ஒண்ணும் யோசிக்காதீங்க என்றாள். மடக்கி நுழைத்து இழுத்தாள். ஒரு முடிச்சு நின்றது. இழுத்தாலும் வரவில்லை. பல நாளைக்குப் பிறகு, தான் செய்த ஒன்று தான் செய்த மாதிரியே இருப்பதை அவள் பார்த்தாள். முதல் கூடை கோணலாக வந்தது, அது வீட்டில் வெங்காயத்துக்கு ஆகிவிட்டது. வீட்டுக்குப் போன பிறகும் விடவில்லை. சிவன் கண் என்கிற பின்னல் பழகினாள், நெல்லிக்காய் முடிச்சு பழகினாள். நீலக் கூடையை மட்டும் ஏழு தடவை பிரித்துப் பின்னினாள், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வரிசையில் முடிச்சு திரும்பிக்கொண்டது. கணவர் செல்வராசு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதெல்லாம் அங்க கொண்டுபோய்க் கொடுக்கணுமா தவம், எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டா என்ன சொல்லுவ என்றார். அதை அவளும் யோசித்திருந்தாள். ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டேன்னு சொல்லுவேன். சொல்ல வருமா. வார்டில் கற்றுப் பின்னியதை வீட்டுக்குள் கொண்டுபோக யாராவது யோசிப்பார்களோ. கையில் எடுக்கும்போது விரல் கூசுமோ. முப்பத்திநாலு, முப்பத்தைந்து, இது இயல்பற்றது, தலை சுருண்டிருக்கிறது.

மேடம் பத்தரைக்கு வந்தார். குணசுந்தரி மேடம், நிலையத்தின் பொறுப்பு அதிகாரி, அடுத்த வருஷம் ஓய்வு, எதையும் உரக்கச் சொல்லித்தான் பழக்கம். "அடடே, யாரு வெச்சது இது. தவமணியா. நல்லாருக்கே. என் மருமக கேட்டுக்கிட்டே இருந்தா இந்த மாதிரி." குரல் வழக்கத்தைவிட ஒரு படி மேலே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், ஜன்னலைத் திறந்து வைக்கிற மாதிரி. இருந்தாலும் மேடம் உடனே தன் டிபன் பாக்ஸை எடுத்து அதற்குள் வைத்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், அது நடிப்பாக இருக்க முடியாது, டிபன் பாக்ஸை யாரும் நடிப்புக்காக இடம் மாற்றமாட்டார்கள். பிச்சைமுத்து அண்ணனுக்கு அந்த யோசனையே இல்லை. "எனக்கா. எத்தனை கிலோ தாங்கும்" என்றார்.

"அஞ்சு கிலோ தாங்கும்ணே."

"பூசணிக்காய் ஏழு கிலோ வருமே."

"பூசணிக்காயெல்லாம் வேண்டாம்ணே, பொரிக்குத்தான்."

"பார்ப்போம்" என்று சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பூஜைச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். ஜன்னல் வழியாக அந்தப் பச்சை ஆடிக்கொண்டே போவது தெரிந்தது. கைப்பிடி அறுந்துவிடும். நடு ரோட்டில் பூசணிக்காய் விழுந்து உடைந்தால், தவமணி பின்னிய கூடை என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லுவார். ஆனால் இது சாதாரணப் பயம். இந்தப் பயத்தில் ஒரு சுகம்கூட இருந்தது, எல்லோருக்கும் வருகிற மாதிரியான பயம். அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபிலோமினா அக்கா பதினொன்று அடிக்கும்போது வந்தார், ஒரு மணி நேரம் அனுமதி சொல்லியிருந்தாராம். தவமணி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இடுக்கி ஒரே நாற்றைப் பிடித்தபடி நின்றது. கைப்பை மேசையில் வைக்கிற சத்தம். குடை மடக்குகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை, ரொம்ப நேரம். ஒரு ஆள் நாற்காலிக்கு முன்னால் நிற்கிறார் என்பது சத்தம் இல்லாததிலிருந்தே தெரிகிறது. பொரிக்காகப் பின்னினேன் என்று இப்போது சொல்ல வேண்டும், அதற்குத்தான் நாலு நாள் சொல்லிப் பார்த்தது, வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது, மாத்திரையில் வாய் உலர்ந்துவிடும், அதனால்தான், வேறு காரணம் இல்லை. வயர் லேசாக முனகியது, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் புது வயர் அப்படி முனகும். அக்கா கூடையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு இவளைத் தாண்டி, ஒன்றும் சொல்லாமல், பக்கத்து அறைக்குப் போனார். சாம்பிள்களைப் பாதுகாத்து வைக்கிற அறை அது. இரண்டு நிமிஷத்தில் மேடமும் எழுந்து அங்கே போனார். கதவு ஒருக்களித்தது. இரண்டு அறைக்கும் நடுவில் அரைச் செங்கல் சுவர், அதே சுவர்.

முதலில் முணுமுணுப்பு, பாத்திரத்தில் தண்ணீர் சூடாகும்போது வருகிற மாதிரி. பிறகு அதிலிருந்து ஒன்று தனியாக வந்தது. தவமணி. இடுக்கியைக் கீழே வைத்தாள். இல்லை, அது ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம், அது எப்போதும் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். கூடை, என்று வந்தது. கொஞ்சம் இடைவெளி. பயம். அது அக்காவின் குரல். பிறகு மேடம் ஏதோ நீளமாக, ஒன்றும் புரியவில்லை. தண்ணி. மறுபடி இடைவெளி, ஏதோ பெட்டி நகர்கிற சத்தம், கடைசியாக, என்னோடயே. அவ்வளவுதான். ஐந்து. எண்ணிப் பழகின மனசு அதையும் எண்ணி வைத்துவிட்டது. தவமணி, கூடை, பயம், தண்ணி, என்னோடயே. இது அதேதான். வைகாசி மாதம் வந்த மாதிரியே, அதே சுவர், அதே குரல், அதே பெயர், தண்ணிகூட வந்துவிட்டது. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லையே. நேற்று போட்டாள், இன்று காலையில் இட்லிக்குப் பிறகு போட்டாள், செல்வராசு பார்த்துக்கொண்டிருந்தார், அட்டையில் பள்ளம் காலியாக இருப்பதைக்கூட அவள் பார்த்தாள். போட்டும் வருகிறது என்றால். மாத்திரை போட்டும் வருகிறது என்றால் இனி ஒன்றும் இல்லை, மறுபடி அந்த நீளமான அறை, வயர் கட்டு, மணப்பாறைப் பெண் இருக்கமாட்டாள், வேறு யாரோ இருப்பார்கள். ஆனால் பேசியிருக்கவும் கூடுமே. நிஜமாகவே பேசியிருக்கலாமே. அவள் கூடை வைத்தாள், எடுத்துக்கொண்டு போனார்கள், அதைப் பற்றிப் பேசமாட்டார்களா. பேசுவார்கள். பேசினால் திட்டியிருப்பார்கள், எனக்கு இவளைப் பார்த்தாலே பயம், இவள் தொட்ட தண்ணியைக்கூட, அப்படி ஏதாவது. திட்டியிருக்கட்டும். தவமணிக்கே ஆச்சரியமாக இருந்தது, அவள் மனம் ஒரு பக்கம் கெஞ்சிக்கொண்டிருந்தது, திட்டியிருக்கட்டும், கூடையைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கட்டும், பேசினது மட்டும் நிஜமாக இருக்கட்டும். காதில் விழுந்தது வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும்.

உள்ளுக்குள்ள கோர்ட் நடத்தாதீங்க என்பார் டாக்டர். நீங்களே வக்கீல், நீங்களே சாட்சி, நீங்களே ஜட்ஜ், தீர்ப்பு எப்படிச் சரியா வரும், வெளியில ஒரு ஆளைக் கேட்டுடுங்க. யாரைக் கேட்பது. போனை எடுத்தாள். செல்வராசுவைக் கூப்பிட்டால் முதல் கேள்வி, மாத்திரை போட்டியா. பிறகு அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார், வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல், பாவம், முகம் சின்னதாகி. அவர் வந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்தாள். பிச்சைமுத்து அண்ணனுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். மேடத்தைக் கேட்டால் உரக்க, சேச்சே, உன்னைப் பத்தி நாங்க ஏன் பேசப்போறோம் என்பார், அன்பாகத்தான் சொல்லுவார், அந்த அன்பான பொய் வந்து விழுந்தால் அவள் கதை முடிந்தது, ஏனென்றால் அது பொய் என்று அவளுக்குத் தெரியாது, தன் காதுதான் பொய் என்று முடிவுகட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள். மிச்சம் ஒரே ஒரு ஆள். யார்மேல் அந்த வார்த்தைகளையெல்லாம் போட்டாளோ அவரிடமே போய், என்னைப் பத்திப் பேசினீங்களா என்று மறுபடி கேட்பதா. அதே கேள்வி. வைகாசியில் கேட்ட அதே கேள்வி, வார்த்தை மாறாமல். கேட்ட உடனே அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார். முகத்தைக் கையால் மறைத்துக்கொள்வார். பிறகு இந்த அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி கிடையாது. கேட்காமல் இருந்தாலோ, இன்று ஐந்து சொல், நாளைக்குப் பத்து, தீபாவளிக்குள் முழு வாக்கியமாக வந்துவிடும். கடிகாரம் பதினொன்று நாற்பது. சுருளில் மிச்சம் இருபது நாற்று. அவற்றை எண்ணி முடித்தாள். எண்பத்தியொன்று இயல்பானது, ஒன்பது இயல்பற்றது, ஆறு கடினம், நாலு செத்தது. கூட்டினால் நூறு. மறுபடி கூட்டினாள். நூறுதான். கை கழுவப் போகவில்லை. எழுந்தால் அக்கா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். உட்கார்ந்தே இருந்தாள்.

அக்கா வந்து, இவள் இன்னும் எழுந்திருக்காததைப் பார்த்துத் தயங்கினார். பிறகு எதிரே உட்கார்ந்தார். கையில் கூடை இல்லை. சுருளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு இடுக்கியை எடுத்தார்.

"அக்கா" என்றாள் தவமணி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. சண்டைக்குக் கேக்கலை. டாக்டர் கேக்கச் சொல்லியிருக்காங்க, சந்தேகமா இருந்தா கேட்டுடுன்னு. இப்ப நீங்களும் மேடமும் உள்ள என்னைப் பத்திப் பேசினீங்களா?"

இடுக்கி நின்றது. அக்கா நாற்காலியைத் தள்ளவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் உள்ளே போனது, அதைத் தவமணி பார்த்தாள், மழைக்கு ஒடுங்குகிற மாதிரி. மின்விசிறி ஒரு சுற்று, இரண்டு சுற்று. இல்லை என்று சொல்லப்போகிறார். உதடு அதற்குத்தான் பிரிகிறது.

"ஆமாம்" என்றார் அக்கா. "உங்களைப் பத்திதான் பேசினோம்."

தவமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் மேடம்கிட்ட பேச்செடுத்தேன். தவமணி கூடை வெச்சிருக்காங்க, நான் இதை வாங்கிக்கிட்டா எல்லாம் சரியாப்போச்சுன்னு ஆயிடுமா மேடம்னு கேட்டேன். எனக்கு இன்னும் சரியாகலை. உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது. அன்னையிலேருந்து யாராவது என் எதிர்ல பாட்டிலைத் திறந்தா எனக்குப் பயமா இருக்கு. மாதா கோயில்ல தீர்த்தம் தெளிச்சாகூட கண்ணை மூடிக்கிறேன். தண்ணின்னா அப்படி ஆயிருச்சு. அதையும் மேடம்கிட்ட சொன்னேன்." அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "மேடம் சொன்னாங்க, அப்ப தை மாசத்திலேருந்து தவமணியை ஈரப்பதம் பாக்குற பிரிவுக்கு மாத்திடறேன்னு. நான் வேண்டாம்னேன். அங்க தனியா உக்காந்திருக்கணும், நல்லதில்லை. புதுசா வர்ற யாரோடயாவது போட்டா அவங்க ஆயிரம் பேசுவாங்க. என்னோடயே இருக்கட்டும்னு சொன்னேன்."

தவமணி. கூடை. பயம். தண்ணி. என்னோடயே. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது, எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. அவள் கேட்டது கேட்டதுதான். சுவர் வெறும் சுவர், அரைச் செங்கல், அதற்குப் பின்னால் நிஜமாகவே இரண்டு பெண்கள் நின்று நிஜமாகவே பேசினார்கள். முதுகில் எங்கோ நாலு மாதமாக இறுக்கி வைத்திருந்த ஒன்று விட்டது. பயமா இருக்கு என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்கிறார், அதைக் கேட்டு இவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிறது, இது என்ன நியாயம், வெட்கமாகக்கூட இருந்தது, ஆனாலும் லேசாகத்தான் இருந்தது. அக்காவுக்குப் பயம் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். அதை அவர் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாமல் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார், இனி அது என்ன என்று இவள் ஊகிக்க வேண்டியதில்லை.

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள். திங்கட்கிழமையிலிருந்து சொல்ல நினைத்து வாசல்வரை வந்து திரும்பிய சொல், இப்போது ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது.

"அதை ஒரு நாள் உக்காந்து பேசணும்ங்க. நான் பேசுறதையும் நீங்க கேக்கணும். கூடை கொடுத்து முடிச்சிக்கிற விஷயம் இல்ல அது."

"இல்லக்கா. முடிச்சிக்கக் கொடுக்கலை." பொரிக்காக என்று சொல்ல வாயெடுத்தாள், வேண்டாம் என்று தோன்றியது. "ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டேன். உங்களுதைத்தான் ஏழு தடவை பிரிச்சேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏழு தடவையா" என்றார். "அதான் முடிச்செல்லாம் கல்லு மாதிரி இருக்கு. உள்ளதான் வெச்சிருக்கேன், மேடத்தோட பீரோ மேல. ஆனா கைப்பிடி குட்டையா இருக்குங்க. நான் பஸ்ல நின்னுக்கிட்டு வர்றவ, கையில பிடிக்க முடியாது. தோள்ல மாட்டுற மாதிரி நீளமா மாத்தித் தருவீங்களா?"

"தர்றேன்க்கா. நீல வயர் இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருக்கு."

"அவசரம் இல்ல. இன்னிக்குப் பொரிக்கு இப்படியே கொண்டுபோறேன்."

இன்னும் நீங்க, வாங்கதான். தருவீங்களா. அது இவளுக்கு உறுத்தவில்லை. தெரியாத ஒருவரிடம் முதல்முதலாகப் பேசுகிறபோதும் நீங்க என்றுதான் ஆரம்பிக்கிறோம். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம், பிச்சைமுத்து அண்ணன் மூச்சு வாங்க, "கூடை தாங்கிருச்சு, என் கைதான் போச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே மேடம் எடைத் தராசுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார், குங்குமம் எங்கே குங்குமம் எங்கே என்று கேட்டபடி. சாம்பிராணிப் புகை இன்னும் வரவில்லை, ஆனால் யாரோ கரி பற்றவைத்துவிட்டார்கள், அந்த வாசனை வந்தது. தவமணிக்குத் தன் வயிறு பசிப்பது தெரிந்தது. காலையில் இரண்டு இட்லி, அதுவும் மாத்திரைக்காக.

அக்கா சுருளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். எண்பத்தியொன்று, ஒன்பது, ஆறு, நாலு. "சரியாத்தான் இருக்கு. அடுத்ததைப் பிரிங்க, விளக்கு ஏத்துறதுக்குள்ள ஒண்ணு முடிச்சிடலாம்" என்றார்.

தவமணி அடுத்த சுருளை எடுத்து நூலை அவிழ்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது, அடக்க முடியாத, தாடை எலும்பு சொடுக்குகிற, கண்ணில் தண்ணீர் கட்டுகிற பெரிய கொட்டாவி, மாத்திரைத் தூக்கம் இல்லை இது, நாள் முழுக்க வெயிலில் நடந்துவிட்டு வீட்டில் வந்து உட்காரும்போது வருகிறது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சிருங்க" என்று சொல்ல நிமிர்ந்தாள். எதிரே ஃபிலோமினா அக்கா இடுக்கியைப் பிடித்தபடியே, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, தானும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.